அஸ்கானியா நோவா: ஒரு ஸ்டெப்பிச் சிற்றூரின் நிலமும் வரலாறும்

உக்ரைன் நாட்டின் தெற்கே, கெர்சன் மாகாணத்தில், தினீப்பர் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கும் சிவாஷ் என்னும் உவர்க் காயலுக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்த சிற்றூர் அஸ்கானியா நோவா. 2022ஆம் ஆண்டுப் போருக்கு முன் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இங்கு வாழ்ந்தனர். 2020 வரை சாப்லிங்கா வட்டத்திலும், அதன்பின் ககோவ்கா வட்டத்திலும் இவ்வூர் இடம்பெற்றது. சோவியத் ஆட்சி வகுத்த ‘நகர்வகைக் குடியிருப்பு’ என்னும் பிரிவை 2024 ஜனவரியில் உக்ரைன் நீக்கியபோது, இவ்வூர் ஊரகக் குடியிருப்பு எனப் பதிவு பெற்றது. நிருவாகக் குறிப்புகளில் இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

ஆயினும் விலங்கியல், தாவரவியல், சூழலியல் ஆகிய மூன்று துறைகளின் வரலாறும் இவ்வூரின் பெயரைச் சொல்லாமல் நிறைவடைவதில்லை. ஊரை ஒட்டிக் கிடக்கும் 11,054 ஹெக்டேர் உழப்படாத புல்நிலமே அதற்குக் காரணம். கருங்கடலின் வடகரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்திருந்த ஸ்டெப்பி முழுவதும் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் கோதுமை வயலாகவும் சூரியகாந்தி வயலாகவும் மாறிவிட்டது. ஐரோப்பாவில் எஞ்சிய பெரும்பரப்புகளுள் அஸ்கானியாவின் நிலம் முதன்மையானது. இதனைக் ‘கன்னி நிலம்’ என வழங்குவது பொதுமரபு. மனிதக் கை படாமையால் பிழைத்த நிலம் என்னும் கருத்தை அச்சொல் தருகிறது. ஊரின் வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பின் அக்கருத்து நிலைபெறுவதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு காலத்திலும் எவருக்கோ அந்நிலம் பயன்பட்டது, அதனாலேயே பிழைத்தது. அதே பயன்பாடு ஒவ்வொரு காலத்திலும் அதனை அழிவின் விளிம்புக்கும் கொண்டு சென்றது.

நிலமும் நீரும்

பள்ளிப் புவியியலில் ஸ்டெப்பி, பிரெய்ரி, பம்பாஸ், வெல்டு என மிதவெப்பப் புல்வெளிகளின் பெயர்களை வரிசையாகப் படித்திருப்போம். ‘புல்வெளி’ என்று தமிழில் சொல்லும்போது பசுமையும் ஈரமும் நினைவுக்கு வருகின்றன. அஸ்கானியாவின் ஸ்டெப்பிக்கு அவை இரண்டும் சில வாரங்களுக்கே உரியன. ஆண்டு மழையளவு 400 மில்லிமீட்டர் அளவினது. கோடையில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட வெப்பக் காற்றைச் ‘சுகோவேய்’ என்பர். அது சில நாள்களில் புல்லைக் காயவைத்துவிடும். குளிர்காலத்தில் பனி நிறையப் பெய்வதில்லை. ஆனால் உறைமழை புல்லின்மேல் கண்ணாடிபோல் படிந்து மேய்ச்சலைத் தடுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காட்டு டியூலிப்பும், தொடர்ந்து இறகுபோன்ற வெண்கதிர்களைக் கொண்ட ஸ்டிப்பா புல்லும் பூக்கும். தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு அப்போது நிலம் வெள்ளி அலையாகத் தோன்றும். ஜூலைக்குள் எல்லாம் பழுப்பாகிவிடும்.

கடல்மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் அளவே உயர்ந்த இச்சமவெளியில் ஆறு இல்லை, ஓடை இல்லை, குன்றும் இல்லை. மேட்டையும் பள்ளத்தையும் கண்ணால் பிரித்தறிவது அரிது. எனினும் மிக ஆழமற்ற, வடிகாலற்ற தாழ்நிலங்கள் ஆங்காங்கே உள்ளன. உள்ளூரார் இவற்றைப் ‘போத்’ என்பர். இவற்றுள் பெரியது 2,376 ஹெக்டேர் பரப்புள்ள பெரும் சாப்லிப் பள்ளம். பனி மிகுந்து பெய்து விரைவில் உருகும் சில ஆண்டுகளில் மட்டும் இது நீர் நிறைந்து ஏரியாகும். இடைப்பட்ட ஆண்டுகளில் ஈரப் புல்தரையாகக் கிடக்கும். ‘சாப்லி’ என்னும் உக்ரைனியச் சொல் நாரைகளைக் குறிக்கும். நிலையான நீரற்ற ஒரு நிலத்துக்கு நீர்ப்பறவையின் பெயர் வாய்த்திருப்பது, நீர் நின்ற அந்தச் சில ஆண்டுகளே மக்கள் நினைவில் தங்கின என்பதைக் காட்டுகிறது எனலாம்.

மேற்பரப்பில் நீரின்மையே இங்கு உழவுக்குடி நெடுங்காலம் தோன்றாமைக்குக் காரணம். ஹெரோடோட்டஸ் விவரித்த சித்தியர்களின் நிலம் இப்பகுதியை உள்ளடக்கியது. அவர்தம் புதைமேடுகள் இன்றும் சமவெளியின் ஒரே உயரங்களாக நிற்கின்றன. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த போலோவ்த்சியர் மேடுகளின்மேல் கல்லுருவங்களை நிறுவினர். அதன்பின் நோகாய் மக்கள் மந்தைகளுடன் உலவினர். 1783இல் ரஷ்யப் பேரரசு கிரிமியக் கானகத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்ட காலத்தை ஒட்டி, நோகாய் மக்களுள் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். உப்பு வணிகர்களான சுமாக்குகளின் மாட்டு வண்டிகள் பெரெகோப்புக்குச் சென்று மீளும் தடங்கள் மட்டும் எஞ்சின. பேரரசின் ஆவணங்கள் இந்நிலத்தை ‘வெற்று நிலம்’ என்றன. மேய்ந்தோரை வெளியேற்றியபின் அவ்வாறு அழைப்பது எளிது.

அன்ஹால்ட் குடியேற்றம்

1828 மார்ச்சில் பேரரசர் முதலாம் நிக்கலாஸ், ஜெர்மானியச் சிற்றரசான அன்ஹால்ட்-கோத்தனின் கோமகன் பெர்டினாண்டுக்குத் தவ்ரிதா மாகாணத்தில் ஏறத்தாழ 50,000 ஹெக்டேர் நிலத்தை வழங்கினார். மெல்லிய கம்பளி தரும் மெரினோ ஆடுகளை அங்கு வளர்த்து முன்மாதிரிப் பண்ணை அமைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெர்டினாண்டு புதுமைகளில் ஆர்வம் மிகுந்தவர். ஓமியோபதி மருத்துவத்தைத் தோற்றுவித்த ஹானிமன் 1821 முதல் கோத்தனில் தொழில் நடத்தியது அவரது ஆதரவினால்தான் என்பது இந்திய வாசகர்க்கு ஆர்வம் தரக்கூடிய ஒரு துணைச்செய்தி. ஆடுகளும் மேய்ப்பர்களும் ஜெர்மனியிலிருந்து தரைவழியே பல மாதங்கள் நடந்து வந்து சேர்ந்தனர்.

1835இல் குடியிருப்புக்கு ‘அஸ்கானியா நோவா’ எனப் பெயரிடப்பட்டது. அஸ்கானியா என்பது அன்ஹால்ட் அரசகுலத்தின் பழைய உடைமையான ஆஷெர்ஸ்லேபன் நகரின் லத்தீன் வடிவம். நோவா என்றால் புதிய. சாப்லி என்னும் பெயர் பள்ளத்துக்கு மட்டும் எஞ்சியது. நாரைகளின் பெயரிலிருந்து அரசகுலத்தின் பெயருக்கு நடந்த இம்மாற்றம், நிலத்தை எங்கிருந்து எவர் பார்த்தனர் என்பதற்குச் சான்று.

குடியேற்றம் எதிர்பார்த்த வருவாயை ஈட்டவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நிருவகிக்கப்பட்ட பண்ணை. வறட்சியும் உறைமழையும் மந்தையை அடிக்கடிக் குறைத்தன. நீருக்கு ஆழ்கிணறுகளை நம்ப வேண்டியிருந்தது. பெர்டினாண்டு 1830இலேயே மறைந்தார். 1847இல் கோத்தன் மரபு அற்று, நிலம் அன்ஹால்ட்-தெஸ்ஸாவ் கோமகனைச் சேர்ந்தது. அவர் 1856இல் அதனை விற்றார். வாங்கியவர் பிரெடரிக் ஃபைன். வூர்ட்டெம்பெர்கிலிருந்து வந்து தென்ரஷ்யாவில் ஆட்டுப்பண்ணைகளால் செல்வம் சேர்த்த குடும்பம் அவருடையது. மகள்வழி மரபினர் தந்தைவழிப் பெயரையும் தாய்வழிப் பெயரையும் இணைத்து ஃபால்ஸ்-ஃபைன் என வழங்கப்பெற்றனர்.

அன்ஹால்ட் காலத்தை ஒரு தோல்வியாகக் கருதி விரைந்து கடந்துவிடும் வழக்கம் உண்டு. அது முற்றும் பொருந்துவதன்று. மெரினோப் பொருளியல் ஒன்றே இந்நிலத்தை அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஏர்முனையிலிருந்து விலக்கி வைத்தது. ஆட்டுக்குப் புல் வேண்டும். புல்லுக்கு உழாத நிலம் வேண்டும். நிலத்தின் முதல் காவலன் கம்பளியின் விலை என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

அகைமனியில் 1879

1870களுக்குப் பின் ஆஸ்திரேலியக் கம்பளி உலகச் சந்தையை நிரப்பியது. அதே வேளையில் கருங்கடல் துறைமுகங்களும் இருப்புப்பாதையும் கோதுமைக்குப் புதிய மதிப்பைத் தந்தன. தென்ரஷ்யப் பண்ணையாளர்கள் மந்தையைக் குறைத்து உழவுக்குத் திரும்பினர். ஆண்டுதோறும் வசந்தத்தில் வடக்கு மாகாணங்களிலிருந்து கால்நடையாக வரும் கூலியாள்கள் ககோவ்காச் சந்தையில் கூடினர். அங்குக் கூலி பேசிப் பண்ணைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பேரரசின் தென்பகுதியில் மிகப் பெரிய வேளாண் கூலிச்சந்தை அது. அஸ்கானியாவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் உரிமையாளர் பெயர்களும் அறிஞர் பெயர்களும் நிறைந்துள்ளன. ஆட்டு ரோமம் கத்தரித்தவர், கிணறு தோண்டியவர், மரக்கன்றுக்கு நீர் சுமந்தவர் ஆகியோர் இச்சந்தையிலிருந்து வந்த பெயரற்றோர்.

இம்மாற்றத்தின் விளைவை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று 1879 டிசம்பரில் அஸ்கானியாவுக்கு அண்மையில் உள்ள அகைமனியில் நேர்ந்தது. ஸ்டெப்பியின் காட்டுக் குதிரையான தார்ப்பன் இனத்தில் எஞ்சிய ஒரு பெட்டை பனியில் துரத்தப்பட்டு மாண்டது. காட்டில் உலவிய தார்ப்பன்களுள் கடைசியானது அதுவே எனக் கொள்ளப்படுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக இப்புல்லை மேய்ந்த குளம்புகள் அத்துடன் நின்றன. இந்நிகழ்ச்சியைக் கேட்டறிந்து பதிவுசெய்தவர் பிரெடரிக் ஃபால்ஸ்-ஃபைன். அது நிகழ்ந்தபோது அவருக்கு வயது பதினாறு.

ஃபால்ஸ்-ஃபைன் காலம்

1863இல் அஸ்கானியாவிலேயே பிறந்த பிரெடரிக், தோர்ப்பாத் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றவர். சிறுவயதில் தொடங்கிய பறவைக்கூண்டு பின்னர் விலங்குத் தோட்டமாக வளர்ந்தது. அவரது பணிகள் மூன்று. அவற்றுள் முதலிரண்டும் நீரைச் சார்ந்தவை. ஆர்ட்டீசியன் கிணற்றிலிருந்து இறைத்த நீரைக் கோபுரம் ஒன்றில் ஏற்றி, வாய்க்கால்வழிப் பாய்ச்சி, 1887 முதல் மரமே இல்லாத நிலத்தில் ஒரு சோலையை உருவாக்கினார். ஓக்கும் பைனும் எல்மும் அடர்ந்த அச்சோலை, கோட்டை வடிவ நீர்க்கோபுரத்துடன் இன்றும் ஊரின் அடையாளமாக உள்ளது. அந்நீரே குளங்களையும் தந்தது; குளங்கள் பறவைகளை ஈர்த்தன.

இரண்டாவது, விலங்குத் தோட்டம். விலங்குகளைக் கூண்டில் அடைக்காமல் வேலியிட்ட பரந்த புல்வெளியில் விடுவது அவர் முறை. ஆப்பிரிக்காவின் ஈலாண்டு, அமெரிக்காவின் பைசன், இந்தியச் சமவெளிகளுக்குரிய நீல்காய், பல்வகை வரிக்குதிரை எனப் பல கண்டங்களின் குளம்பு விலங்குகள் ஒரே புல்லை மேய்ந்தன. ஈலாண்டு இனம் இங்கு நிலைத்துப் பெருகியது. பிற்காலத்தில் அதனைப் பால்மாடாகப் பழக்கும் ஆய்வும் நடந்தது. 1899இல் மங்கோலிய எல்லைப்புறத்திலிருந்து பிரெசெவால்ஸ்கி குதிரைகள் கொண்டுவரப்பட்டன. ஐரோப்பாவுக்கு உயிருடன் வந்து சேர்ந்த அவ்வினத்தின் முதல் குதிரைகள் இவையே. புகழ்பெற்ற விலங்கு வணிகர் ஹாகன்பெக்கின் குதிரைகள் 1901இல்தான் வந்தன. தார்ப்பன் அற்ற நிலத்தில் இருபதே ஆண்டுகளில் மற்றொரு காட்டுக்குதிரை கால்வைத்தது.

மூன்றாவது பணிக்கு நீரும் தேவைப்படவில்லை, பணமும் தேவைப்படவில்லை. அதுவே எல்லாவற்றிலும் நிலைத்தது. 1898இல் அவர் பண்ணையின் ஒரு பகுதியை உழவிலிருந்தும் மேய்ச்சலிலிருந்தும் என்றென்றைக்கும் விலக்கி வைத்தார். சுற்றியுள்ள நிலமெல்லாம் கோதுமையாக மாறிக்கொண்டிருந்தபோது அவ்விலக்கு ஓர் இழப்பாகவே பிறர்க்குத் தோன்றியிருக்கும். எனினும் இதனைத் தனிமனிதர் ஒருவரின் அறச்செயல் என்று மட்டும் வியப்பது குறையுடையது. ஒதுக்கிவைக்க உழாத நிலம் அவர் கையில் இருந்தமைக்குக் காரணம் முந்தைய எழுபது ஆண்டு ஆட்டுப்பண்ணை. ஒதுக்கிவைக்கும் வசதியைத் தந்தது அக்குடும்பத்தின் பிற நிலங்களில் விளைந்த செல்வம். அச்செல்வமே சுற்றியிருந்த ஸ்டெப்பியையும் மாற்றியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே வரலாற்று நோக்கு.

இக்காலத்தில்தான் இல்யா இவானோவ் செயற்கைக் கருவூட்டல் ஆய்வை அஸ்கானியாவில் தொடர்ந்தார். வரிக்குதிரையும் குதிரையும், பைசனும் மாடும் கலந்த கலப்பினங்கள் தோன்றின. 1914 வசந்தத்தில் பேரரசர் இரண்டாம் நிக்கலாஸ் இங்கு வந்து தங்கினார். ஊரின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது அப்போதுதான்.

புரட்சியும் புல்லின் கேள்வியும்

1917இல் பண்ணையும் விலங்குகளும் கேட்பாரற்றுப் போகும் நிலை வந்தது. அப்போது பாதுகாப்புப் பொறுப்புடன் அனுப்பப்பட்டவர் நடு ஆசிய ஆய்வுப்பயணி பியோத்தர் கோஸ்லோவ். குதிரைக்குத் தம் பெயரைத் தந்த பிரெசெவால்ஸ்கியின் மாணவர் அவர். அடுத்த மூன்று ஆண்டுகள் வெள்ளையரும் செம்படையினரும் பிறரும் மாறிமாறி இச்சமவெளியைக் கைப்பற்றினர். விலங்குகள் பல உணவாயின. பிரெடரிக் ஜெர்மனிக்குச் சென்று 1920இல் மறைந்தார். கடற்கரைத் துறைமுகமான ஹோர்லியை விட்டு வெளியேற மறுத்த அவருடைய முதிய தாய் சோபியா 1919இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று உக்ரைன் சோவியத் அரசு அஸ்கானியாவைத் தேசியக் காப்பகமாக அறிவித்தது. 1921 பிப்ரவரியில் அரசு ஸ்டெப்பிக் காப்பகம் என உறுதிசெய்தது. உரிமையாளரை ஒழித்த அரசே அவர் இட்ட விலக்கைச் சட்டமாக்கியது. வரலாற்றில் இத்தகைய தொடர்ச்சிகள் மிகுதி.

விலக்கு தொடர்ந்தபோது எவரும் எதிர்பாராத வினா ஒன்று எழுந்தது. 1920களின் தொடக்கத்தில் இங்குப் பணியாற்றிய தாவரவியலாளர் யோசிப் பச்சோஸ்கி, முழுவதும் விலக்கப்பட்ட பரப்பில் ஆண்டுதோறும் காய்ந்த புல் அடுக்கடுக்காகப் படிவதைக் கவனித்தார். அப்படிவு புதுத்தளிரை நெரிக்கிறது, ஈரத்தைத் தேக்குகிறது, ஸ்டிப்பாவின் இடத்தைப் பரந்த இலைத் தாவரங்களும் களைகளும் பிடிக்கின்றன. மிதமாக மேயப்பட்ட பரப்பிலோ ஸ்டிப்பா செழித்திருந்தது. குளம்புகள் காய்ந்த புல்லை மிதித்து மண்ணோடு சேர்ப்பதும், விதையை மண்ணில் அழுத்துவதும் ஸ்டெப்பியின் இயல்பான வாழ்வின் பகுதி என அவர் முடிவுசெய்தார். தார்ப்பனும் சைகா மானும் செய்த வேலையைப் பின்னர் ஆடு செய்தது. ஆட்டையும் விலக்கினால் புல்நிலம் வேறொன்றாக மாறும். மேய்ச்சல் மிகினும் அழிவு, முற்றும் நீங்கினும் அழிவு. இக்கருத்து அன்று பலர்க்கு ஏற்புடையதாக இல்லை. ‘தீண்டாமல் விடுவதே காப்பு’ என்னும் கொள்கை வலுவாக இருந்த காலம் அது. இன்று புல்நிலச் சூழலியலில் மேய்ச்சலும் தீயும் பெற்றுள்ள இடத்தை நோக்கும்போது, அஸ்கானியாவின் வரலாற்றில் அறிவுத்துறை சார்ந்த மிக முக்கியமான கண்டறிதல் பச்சோஸ்கியுடையது எனக் கருத இடமுண்டு.

இதற்கு அடுத்த அதிகாரம் துயரமானது. 1929 முதல் விலங்கியலாளர் விளாதிமீர் ஸ்தான்சின்ஸ்கி இங்கு ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்தை நடத்தினார். ஒரு குறிப்பிட்ட பரப்பின் புல், அதனை உண்ணும் பூச்சி, பூச்சியை உண்ணும் உயிர் ஆகியவற்றின் நிறையை அளந்து, ஞாயிற்றின் ஆற்றல் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும்போது எவ்வளவு குறைகிறது என்பதைக் கணக்கிட அவர் முயன்றார். உயிர்க்கூட்டத்தை ஆற்றலின் ஓட்டமாகக் காணும் இந்நோக்கு அன்று உலகில் மிகப் புதியது. அதற்கு ஒப்பீட்டளவுகோலாக உழப்படாத ஸ்டெப்பி தேவைப்பட்டது. ஊர் அதனைத் தந்தது.

ஆனால் 1930களின் முதற்பாதி, வேளாண்மையில் உடனடிப் பயன் தராத அறிவியலைப் பகையாகக் கண்ட காலம். கூட்டுப்பண்ணை இயக்கமும் அதனை அடுத்து உக்ரைனை வாட்டிய 1932–33ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சமும் சூழ்ந்திருந்தன. காப்பகம் கலப்பின ஆய்வு நிறுவனமாக மாற்றப்பட்டது; காக்கப்பட்ட ஸ்டெப்பியின் பகுதிகள் உழவுக்குச் சென்றன. லைசென்கோவின் கூட்டாளியான பிரெசென்ட், ஸ்தான்சின்ஸ்கியின் ஆய்வை வெளிப்படையாகத் தாக்கினார். கைதுசெய்யப்பட்ட ஸ்தான்சின்ஸ்கி சில ஆண்டுகளுக்குப் பின் விடுவிக்கப்பட்டாலும் மீண்டும் கைதாகி 1942இல் சிறையில் மாண்டார். உணவுப் படிகளினூடே ஆற்றல் ஓட்டத்தை விளக்கிய அமெரிக்கர் ரேமண்ட் லிண்டெமனின் புகழ்பெற்ற கட்டுரை வெளியானதும் அதே 1942இல்தான். சூழலியல் பாடநூல்கள் லிண்டெமனில் தொடங்கின. டக்ளஸ் வீனர் 1988இல் சோவியத் இயற்கைக் காப்பு வரலாற்றை எழுதியபோதுதான் அஸ்கானியாவின் பங்கு பரவலாக அறியப்பட்டது.

அதே காலத்தில் மிகயீல் இவானோவ் என்னும் வேளாண் விலங்கியலாளர் செய்த பணி முழு அரசாதரவையும் பெற்றது. அவ்வட்டாரத்து மெரினோப் பெட்டைகளை அமெரிக்க ராம்பூலே கடாக்களுடன் கலந்து அஸ்கானியா மெல்லிழை ஆட்டினத்தையும், வெள்ளைப் பன்றியினம் ஒன்றையும் 1935இல் மறைவதற்கு முன் அவர் உருவாக்கினார். அவ்வினங்கள் சோவியத் ஒன்றியமெங்கும் பரவின. இதனையும் வெறும் அரசியல் சார்பாக ஒதுக்கிவிட முடியாது. அது திறமான ஆய்வு. ஊரின் வீடுகளும் பள்ளியும் சம்பளமும் பெரும்பாலும் அந்த ஆட்டைச் சார்ந்தே இருந்தன. ஸ்டெப்பியைக் காத்தோரும் ஆட்டை வளர்த்தோரும் ஒரே தெருவில் வாழ்ந்தனர் என்பதை மறக்கலாகாது.

குதிரையின் இரண்டாம் வரவு

1941 செப்டம்பர் முதல் 1943 இலையுதிர் காலம் வரை ஊர் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. அஸ்கானியாவின் பிரெசெவால்ஸ்கி குதிரைகள் போரில் அழிந்தன. உலகம் முழுவதும் முப்பதை ஒட்டிய எண்ணிக்கையே எஞ்சியது. அவற்றுள்ளும் சிலவே சந்ததி தந்தன. இந்நிலையில், 1947இல் மங்கோலியாவில் குட்டியாகப் பிடிபட்ட ‘ஓர்லித்சா’ என்னும் பெட்டை 1957இல் அஸ்கானியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. காட்டில் பிறந்து இனப்பெருக்கத்தில் சேர்ந்த கடைசிக் குதிரை அதுவே. உறவுக்கலப்பால் நலிந்துகொண்டிருந்த ஓர் இனத்துக்கு அது புதுக்குருதி தந்தது. 1960களின் இறுதிக்குப் பின் மங்கோலியக் காட்டில் இவ்வினம் காணப்படவில்லை. 1992இல் மங்கோலியாவுக்கு மீண்டும் அனுப்பப்பட்ட குதிரைகளுள் அஸ்கானியாவில் பிறந்தவையும் இருந்தன. 1998, 1999ஆம் ஆண்டுகளில் சுமார் முப்பது குதிரைகள் செர்னோபில் விலக்குப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்குப் பெருகின.

பெரும் சாப்லிப் பள்ளத்தில் வேலிக்குள் மேய்ந்த இக்குதிரைகளும் பிற குளம்பினங்களும் பச்சோஸ்கி எழுப்பிய வினாவுக்கு நடைமுறை விடையாயின. அருகே முழு விலக்குப் பரப்பு, இங்கே மேயப்படும் பரப்பு என இரண்டையும் ஒப்பிட வாய்ப்பளித்த இடம் வேறு அரிது.

மறுபுறம், 1950களின் நடுவில் தினீப்பரின் குறுக்கே ககோவ்கா அணை எழுந்தது. அதன் நீர்த்தேக்கத்திலிருந்து கிளம்பிய கால்வாய்கள் அடுத்த பதிற்றாண்டுகளில் வறண்ட சமவெளியைப் பாசன நிலமாக்கின. காப்பகத்தைச் சுற்றி நீர் வந்தது. நீர் வந்த இடமெல்லாம் உழவும் வந்தது. 1985இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் அஸ்கானியா இடம்பெற்றபோது, 33,307 ஹெக்டேர் கொண்ட மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கே உழப்படாத மையப்பகுதி. சோவியத் காலத்தில் நிலவுடைமையாளராக மட்டும் பேசப்பட்ட ஃபால்ஸ்-ஃபைனின் பெயர் 1990களில், உக்ரைன் விடுதலை பெற்றபின், காப்பகத்துக்குச் சூட்டப்பட்டது.

2022க்குப் பின்

2022 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய போரின் முதல் நாள்களிலேயே ஊர் ரஷ்யப் படையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஓராண்டுக்கும் மேலாகக் காப்பகப் பணியாளர்கள் ஊரில் இருந்தே விலங்குகளைப் பேணினர். தீவனத்துக்கான பணம் உக்ரைனியப் பொதுமக்களின் நன்கொடையாக வந்தது. 2023 மார்ச்சில் ஆக்கிரமிப்பு நிருவாகம் காப்பகத்தைத் தன்வசமாக்கித் தனக்குரிய தலைமையை நியமித்தது. விலங்குகள் சில கிரிமியாவுக்கும் ரஷ்யாவுக்கும் கொண்டு செல்லப்பட்டதாக உக்ரைனியத் தரப்பு தெரிவித்தது. 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை தகர்ந்தது. அதனை நம்பியிருந்த கால்வாய்கள் வறண்டன.

சோவியத் மரபில் வந்த ஒவ்வொரு காப்பகமும் ஆண்டுதோறும் ‘இயற்கையின் நாளேடு’ என்னும் பதிவை எழுதும். முதல் டியூலிப் பூத்த நாள், பள்ளத்தில் நீர் நின்ற உயரம், வந்த பறவை, பிறந்த குட்டி, காய்ந்த புல்லின் எடை ஆகியன அதில் இடம்பெறும். கள அளவீடு இயலாத நிலையில், உக்ரைனிய ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் ஸ்டெப்பியில் பரவிய தீயின் எல்லைகளைக் குறித்து வருகின்றனர். தீ சென்ற பரப்பைப் படம் காட்டும். ஆண்டுகளாகப் படிந்த காய்ந்த புல் எரிந்தபின் அவ்விடத்தில் முளைப்பது ஸ்டிப்பாவா களையா என்பதை, அங்கு நடந்து சென்று குனிந்து பார்ப்பவரே சொல்ல முடியும்.